ஆரம்பகால வணிக இணையமும் பாதுகாப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலிடெக்னிக் மாணவர்களுக்கு மாலை வேளையில் நெட்வொர்க் பாடம் எடுத்து வருகிறேன். 1990களின் நடுவில் கணினி நிர்வாகியாக வேலைக்குச் சேர்ந்தவன் என்பதால், பாடம் முடிந்த பிறகு பேச்சு பெரும்பாலும் அந்தக் காலத்துக்குப் போய்விடும். ஒவ்வொரு ஆண்டும் முகங்கள் மாறுகின்றன, சந்தேகங்கள் மட்டும் மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால். வரிசையாகப் படித்தால் நல்லது, ஏனென்றால் பின்னால் வரும் பதில்கள் முன்னவற்றை நம்பி நிற்கின்றன.

வணிக இணையம் எந்தத் தேதியில் தொடங்கியது?

ஒரே தேதியைச் சொல்ல முடியாது. 1980களின் பிற்பாதியில் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை நடத்திய என்.எஸ்.எஃப்.நெட் இணையத்தின் முதுகெலும்பாக இருந்தது. ஆய்வுக்கும் கல்விக்கும் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம், வியாபாரத்துக்கு அனுமதி கிடையாது. 1991இல் சில தனியார் சேவை நிறுவனங்கள் தங்களுக்குள் நேரடி இணைப்புக் கொடுத்துக்கொண்டு அந்தக் கட்டுப்பாட்டைச் சுற்றிப் போயின. 1994 டிசம்பரில் நெட்ஸ்கேப் நேவிகேட்டர் உலாவி வெளிவந்தது. 1995 ஏப்ரல் 30 அன்று என்.எஸ்.எஃப்.நெட் முதுகெலும்பு மூடப்பட்டு, போக்குவரத்து முழுவதும் தனியார் தடங்களுக்கு மாறியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று, அப்போது அரசு நிறுவனமாக இருந்த வி.எஸ்.என்.எல். இந்தியப் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் திறந்தது. முதலில் சேவை கிடைத்த நகரங்களில் சென்னையும் ஒன்று.

இந்தப் பக்கத்தில் நான் பேசுவது 1988 முதல் 2000 வரையிலான காலம். 1988ஐ ஏன் தொடக்கமாக எடுக்கிறேன் என்பது மோரிஸ் புழு பற்றிய கேள்வியில் தெரியும்.

இணையத்தைக் கட்டியவர்களுக்குப் பாதுகாப்பைப் பற்றித் தெரியவே தெரியாதா?

தெரியும். ஆனால் அவர்கள் கட்டியது ஒருவரை ஒருவர் அறிந்த பல்கலைக்கழகங்களுக்கும் ஆய்வகங்களுக்குமான வலை. ஒரு கம்பி அறுந்தாலும் செய்தி போய்ச் சேர வேண்டும், வெவ்வேறு வகைக் கணினிகள் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்பவைதான் அவர்கள் முன்னால் இருந்த கடினமான பிரச்சினைகள். அனுப்புகிறவர் பொய் சொல்வாரா என்ற கேள்வி பின்வரிசையில் இருந்தது.

நம் ஊர்க் கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். யார் வந்து உட்கார்ந்தாலும் இலை போடுகிறார்கள். பெண் வீட்டார் இவரை மாப்பிள்ளை வீட்டார் என்று நினைத்துக்கொள்கிறார்கள், மாப்பிள்ளை வீட்டார் இவரைப் பெண் வீட்டார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அன்றைய யூனிக்ஸ் கணினிகளில், தொலைவிலுள்ள இன்னொரு கணினிக்குள் நுழைய உதவும் ஆர்லாகின், ஆர்.எஸ்.எச். என்ற கட்டளைகள் ஏறக்குறைய இப்படித்தான் இயங்கின. 'இன்ன கணினியிலிருந்து வருகிறவரிடம் கடவுச்சொல் கேட்க வேண்டாம்' என்று ஒரு சிறிய கோப்பில் எழுதி வைத்துவிடலாம். வந்தவர் உண்மையிலேயே அந்தக் கணினியிலிருந்துதான் வந்தாரா என்பதற்கு, அவர் கொண்டுவந்த ஐ.பி. முகவரியை, அதாவது வலையில் அவருடைய கணினியைக் குறிக்கும் எண்ணைத் தவிர வேறு சான்று கிடையாது. அந்த முகவரியை எழுதுவது அனுப்புகிறவர்தான். இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பாதிக் கதைக்கு அதுவே வேர்.

மோரிஸ் புழு வைரஸா? அது என்னதான் செய்தது?

வைரஸ் இன்னொரு நிரலில் ஒட்டிக்கொண்டு பரவும், பெரும்பாலும் யாராவது அதை இயக்க வேண்டும். புழு யாருடைய உதவியும் இல்லாமல் வலை வழியாகத் தானே நகரும். 1988 நவம்பர் 2 அன்று கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ராபர்ட் டாப்பன் மோரிஸ், எம்.ஐ.டி.யில் இருந்த ஒரு கணினி வழியாக அதை வெளியே விட்டார். வாக்ஸ், சன் வகைக் கணினிகளை அது தாக்கியது. சுமார் 6,000 கணினிகள் பாதிக்கப்பட்டதாக அப்போது மதிப்பிட்டார்கள். அன்று இணையத்தில் இருந்தவையே சுமார் 60,000 என்பதுதான் கணக்கு.

அது நுழைந்த வழிகளைப் பாருங்கள். சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் நிரலில் சோதனைக்காக வைத்த ஒரு வசதி திறந்தே கிடந்தது. ஒரு கணினியை யார் பயன்படுத்துகிறார் என்று சொல்லும் ஃபிங்கர் சேவை, வந்த வரியின் நீளத்தை அளக்காமல் நினைவகத்தில் எழுதிக்கொண்டது. கூடவே, சொற்பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு கடவுச்சொற்களை ஊகித்தது. முந்தைய பதிலில் சொன்ன 'கடவுச்சொல் கேட்க வேண்டாம்' ஏற்பாட்டையும் பயன்படுத்திக்கொண்டது. கோப்புகளை அது அழிக்கவில்லை. ஒரு கணினியில் ஏற்கெனவே தன் பிரதி இருந்தாலும், ஏழில் ஒரு முறை அதைப் பொருட்படுத்தாமல் தங்கிவிடும்படி மோரிஸ் எழுதியிருந்தார். அதனால் ஒரே கணினியில் பிரதிகள் பெருகிப் பெருகி, வேறு வேலை எதுவும் நடக்காமல் மூச்சுத் திணறியது.

1986ஆம் ஆண்டின் கணினி மோசடிச் சட்டத்தின்கீழ் 1990இல் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். புழு வந்த அதே மாதத்தில் பிட்ஸ்பர்கில் உள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் செர்ட் என்ற அவசர உதவி மையம் அமைந்தது. பாதுகாப்புக் குறைகளைத் திரட்டி எல்லோருக்கும் எச்சரிக்கை அனுப்பும் வழக்கம் அங்கிருந்துதான் வேரூன்றியது. நான் 1988இல் தொடங்குவது அதனால்தான்.

டெல்நெட்டில் கடவுச்சொல் அப்படியே போகுமாமே? போனால்தான் என்ன, நடுவில் யார் பார்க்கப் போகிறார்கள்?

தொலைவிலுள்ள கணினியில் வேலை செய்ய உதவும் டெல்நெட், கோப்புகளை அனுப்பும் எஃப்.டி.பி., மின்னஞ்சலை இறக்கும் பாப் எல்லாவற்றிலும் கடவுச்சொல் எழுத்துக்கு எழுத்து வெளிப்படையாகவே போனது. அன்றைய ஈதர்நெட்டில் ஓர் அலுவலகத்தின் கணினிகள் எல்லாம் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொண்டன. வலையில் செய்தி சிறு துண்டுகளாகத்தான் போகும், அந்தத் துண்டுதான் பொட்டலம். ஒருவருக்கு வரும் பொட்டலம் எல்லோர் வாசலையும் தொட்டுத்தான் போகும். 'எனக்கு வராததையும் படி' என்று உங்கள் கணினியின் அட்டைக்குச் சொல்லிவிட்டால் போதும்.

இதை நான் கண்ணால் பார்த்தேன். முதல் வேலையில், ஓர் இணைப்புக் கோளாறைத் தேடுவதற்காக அனுமதி பெற்றுப் பொட்டலங்களைப் பதிவுசெய்தேன். ஐந்து நிமிடத்துக்குள் மேலதிகாரி ஒருவரின் மின்னஞ்சல் கடவுச்சொல் என் திரையில் வந்து நின்றது. அது அவருடைய மகளின் பெயர். அன்று முழுவதும் அவரை நிமிர்ந்து பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அடுத்தவர் வீட்டுக் கடிதத்தைத் தெரியாமல் பிரித்துவிட்டதுபோல ஓர் உணர்வு.

நடுவில் பார்த்தவர்கள் உண்மையிலேயே இருந்தார்கள். சேவை நிறுவனங்களின் கணினிகளில் நுழைந்து ஒட்டுக்கேட்கும் நிரலை நிறுவியவர்கள், பல்லாயிரக்கணக்கான கடவுச்சொற்களைத் திரட்டிவிட்டதாக 1994 பிப்ரவரியில் செர்ட் எச்சரித்தது. அடுத்த ஆண்டு ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையில் அப்படி ஒரு திருட்டு நடந்தபோது, அங்கே இருந்த டாட்டு யுலோனன் உட்கார்ந்து எழுதியதுதான், போவதையெல்லாம் குறியாக்கம் செய்து, அதாவது சாவி இல்லாதவருக்குப் புரியாதபடி மாற்றி அனுப்பும் எஸ்.எஸ்.எச். 1995 ஜூலையில் அதை இலவசமாக வெளியிட்டார். கணினியில் ஒவ்வொரு சேவைக்கும் வாயில் எனப்படும் ஓர் எண் உண்டு. எஃப்.டி.பி.க்கு 21ஆம் வாயில், டெல்நெட்டுக்கு 23. இரண்டுக்கும் மாற்றாக வந்த எஸ்.எஸ்.எச்.சுக்கு நடுவில் காலியாக இருந்த 22 கிடைத்தது. இன்று நீங்கள் சர்வருக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் தட்டுவது அந்தக் கதவைத்தான்.

ஃபயர்வால் எப்போது வந்தது? அது வந்த பிறகு நிம்மதிதானே?

ஃபயர்வால் என்பது அலுவலக வலைக்கும் வெளி இணையத்துக்கும் நடுவில் நிற்கும் காவல். 1980களின் இறுதியிலேயே பொட்டலத்தின் முகவரியையும் வாயில் எண்ணையும் பார்த்து வடிகட்டும் ரவுட்டர்கள் இருந்தன. பிறகு, உள்ளே இருப்பவர் சார்பில் தானே வெளியே பேசும் இடைநிலைக் கணினிகள் வந்தன. 1994இல் இஸ்ரேலின் செக் பாயிண்ட் நிறுவனம் கொண்டுவந்த ஃபயர்வால், ஒவ்வொரு இணைப்பும் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு வடிகட்டியது. மவுஸால் விதிகளை அமைக்க முடிந்ததால் சாதாரண அலுவலகங்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது.

நிம்மதி வந்ததா என்றால், அரைகுறையாகத்தான். பெல் ஆய்வகத்தின் நுழைவாயிலைக் கட்டிய பில் செஸ்விக்கே இந்த வகைக் காவலின் ஆபத்தை எழுதியிருக்கிறார். பலாப்பழம்போல வெளியே முள், உள்ளே சுளை. யாராவது ஒருவர் மேசைக்கு அடியில் மோடம் ஒன்றைச் செருகி வைத்திருந்தால் போதும், முள்ளைத் தொடாமலேயே சுளைக்குப் போய்விடலாம். ஃபயர்வால் வாங்கிவிட்டோம் என்பதற்காக உள்ளே இருந்த கணினிகளின் குறைகளைத் திருத்துவதை நிறுத்திய இடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

பொய்யான ஐ.பி. முகவரியில் பொட்டலம் அனுப்பினால் பதில் உண்மையான முகவரிக்குத்தானே போகும்? பிறகு எப்படி உள்ளே நுழைய முடியும்?

நல்ல கேள்வி. பல நிர்வாகிகளும் அன்று இந்தத் தைரியத்தில்தான் இருந்தார்கள். இணையத்தில் இரு கணினிகள் பேசிக்கொள்ளப் பயன்படும் டி.சி.பி. இணைப்பு மூன்று படிகளில் அமைகிறது. நீங்கள் அழைக்கிறீர்கள், எதிர்முனை ஒரு தொடக்க எண்ணோடு பதில் தருகிறது, அந்த எண்ணை நீங்கள் திருப்பிச் சொன்னால் இணைப்பு உறுதியாகிறது. பொய் முகவரியில் அழைத்தவருக்கு அந்த எண் வந்து சேராது. ஆனால் அதை ஊகிக்க முடிந்தால்?

அன்றைய நிரல்கள் அந்த எண்ணை எளிதில் கணிக்கக்கூடிய விதத்தில் கூட்டிக்கொண்டே போயின. இதை வைத்து ஏமாற்றலாம் என்று 1985இலேயே எழுதிக் காட்டியவர், புழுவை விட்ட அதே ராபர்ட் மோரிஸ். 1989இல் பெல் ஆய்வகத்தின் ஸ்டீவன் பெல்லோவின் இன்னும் விரிவாக எழுதினார். 1994 கிறிஸ்துமஸ் அன்று சான் டியாகோ பகுதியில் ஆய்வாளர் சுடோமு ஷிமோமுராவின் கணினிகள் மீது அது நடந்தேவிட்டது. தாக்கியவர் முதலில் சோதனை அழைப்புகள் விடுத்து, ஒவ்வோர் இணைப்புக்கும் தொடக்க எண் 128,000 கூடுவதைக் கண்டுகொண்டார். நம்பிக்கைக்குரிய கணினியை அழைப்புகளால் மூழ்கடித்து வாயடைத்தார். அதன் பெயரில் இலக்கை அழைத்து, வராத எண்ணை ஊகித்துத் திருப்பிச் சொன்னார். கதவு திறந்ததும் ஒரே ஒரு கட்டளை: எவர் எங்கிருந்து வந்தாலும் கடவுச்சொல் கேட்க வேண்டாம் என்று அந்தச் சிறிய கோப்பில் எழுது. பந்தியில் எல்லோருக்கும் இலை போடச் சொல்லிவிட்டார்.

அதைத் தொடர்ந்த தேடலின் முடிவில் 1995 பிப்ரவரி 15 அன்று வட கரோலினாவின் ராலேயில் கெவின் மிட்னிக் கைதானார். செய்தித்தாள்கள் அந்தத் துரத்தலைப் பெரிதாக எழுதின. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 1985இல் காகிதத்தில் இருந்த ஓட்டைக்கு, ஒன்பதாண்டுகள் கழித்து ஒரு பாதுகாப்பு ஆய்வாளரின் கணினியிலேயே அடைப்பு இல்லை. எண்ணை ஊகிக்க முடியாதபடி அமைக்கும் வழியைப் பெல்லோவின் 1996இல் முறையாக எழுதிக் கொடுத்தார்.

கிரெடிட் கார்டு எண்ணை இணையத்தில் கொடுக்க மக்கள் பயந்தார்களே, அந்தப் பயத்துக்கு அர்த்தம் உண்டா?

பயம் நியாயம். ஆனால் அவர்கள் பயந்த இடம் வேறு, திருட்டு நடந்த இடம் வேறு. 1994 ஆகஸ்டில் நெட்மார்க்கெட் என்ற சிறிய நிறுவனம் ஓர் இசைக் குறுந்தகட்டை விற்றது. வாங்கியவரின் கார்டு எண் குறியாக்கம் செய்யப்பட்டுப் போனது. அதை மறுநாள் நியூயார்க் டைம்ஸ் செய்தியாகவே வெளியிட்டது, அவ்வளவு புதுமை. கம்பியில் போகும்போது எண்ணை யாரேனும் பறித்துவிடுவார்கள் என்பதுதான் எல்லோரின் கவலையாக இருந்தது.

உண்மையில் எண்கள் போனது, அவை போய்த் தங்கிய இடத்திலிருந்து. மிட்னிக் கைதானபோது, ஓர் இணையச் சேவை நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுடைய சுமார் 20,000 கார்டு எண்கள் அடங்கிய கோப்பு கிடைத்தது. 2000 ஜனவரியில் சி.டி. யுனிவர்ஸ் என்ற இணையக் கடையிலிருந்து 3,00,000 கார்டு எண்களை எடுத்துவிட்டதாக ஒருவர் மிரட்டிப் பணம் கேட்டார், கிடைக்காதபோது பல்லாயிரம் எண்களை வெளியிட்டார். பர்டூ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜீன் ஸ்பாஃபோர்ட் இதை முன்பே அழகாகச் சொல்லியிருந்தார்: இணையத்தில் குறியாக்கம் என்பது, அட்டைப்பெட்டியில் குடியிருப்பவரிடமிருந்து பூங்கா பெஞ்சில் படுத்திருப்பவருக்குக் கார்டு விவரத்தைக் கவச வண்டியில் அனுப்புவது போன்றது என்று.

நெட்ஸ்கேப்பில் எஸ்.எஸ்.எல். இருந்ததே, அதையும் 1995இல் உடைத்தார்களாமே?

எஸ்.எஸ்.எல். என்பது உலாவிக்கும் தளத்துக்கும் இடையே போவதைக் குறியாக்கம் செய்யும் முறை. அதை இரண்டு முறை உடைத்தார்கள், இரண்டும் வெவ்வேறு காரணத்தால். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் குறியாக்கத்தில் பாதி புரிந்த மாதிரி.

முதலாவது 1995 ஆகஸ்டில். வெளிநாடுகளுக்குத் தரப்பட்ட பதிப்பில் சாவியின் இரகசியப் பகுதி 40 பிட் மட்டுமே. அதாவது, ஒரு லட்சம் கோடிக்குச் சற்று அதிகமான சாவிகள். பிரான்ஸில் டாமியன் டோலிஜே, தான் வேலை பார்த்த ஆய்வு நிறுவனத்திலும் பல்கலைக்கழகங்களிலும் இருந்த சுமார் 120 கணினிகளையும் இரண்டு பெரிய இணைக்கணினிகளையும் ஓய்வு நேரத்தில் ஓடவிட்டு, எட்டு நாளில் சரியான சாவியைக் கண்டுபிடித்தார். இதில் தந்திரம் எதுவும் இல்லை. கொத்தில் இருக்கும் சாவிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதுதான்.

இரண்டாவது அடுத்த மாதமே. பெர்க்லி மாணவர்கள் இயன் கோல்ட்பர்க், டேவிட் வாக்னர் இருவரும், சாவியை உலாவி எப்படித் தயாரிக்கிறது என்று நிரலைப் பிரித்துப் பார்த்தார்கள். யூனிக்ஸ் பதிப்பில் அதற்கு மூலப்பொருள் மூன்றே: அப்போதைய நேரம், இயங்கும் நிரலின் எண், அதை இயக்கிய நிரலின் எண். அதே கணினியில் கணக்கு வைத்திருப்பவர் நிரல் எண்களை ஒரு கட்டளையில் பார்த்துவிடலாம். பொட்டலம் புறப்பட்ட நொடியும் வெளியே தெரியும். மிச்சம் மைக்ரோநொடி மட்டும், அதாவது பத்து லட்சம் வாய்ப்புகள். சாதாரணக் கணினிக்கு ஒரு நிமிட வேலைகூட இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் மட்டும் தரப்பட்ட 128 பிட் பதிப்பையும் இதே ஓட்டை வீழ்த்தியது. பூட்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், சாவி செதுக்கும் பட்டறையில் பத்து லட்சம் வார்ப்புகள்தான் உண்டு என்றால் பயன் என்ன?

நெட்ஸ்கேப் சில நாள்களில் திருத்தம் தந்தது. அக்டோபரில், பிழை கண்டு சொல்பவர்களுக்குப் பரிசு தரும் திட்டத்தை அறிவித்தது. இன்று நிறுவனங்கள் நடத்தும் பிழை வேட்டைப் பரிசுகளுக்கு முன்னோடி அது.

40 பிட் போதாது என்று தெரிந்தும் ஏன் அப்படி வைத்தார்கள்?

நெட்ஸ்கேப் விரும்பி வைக்கவில்லை. அமெரிக்கச் சட்டத்தில் வலுவான குறியாக்கம் ஆயுதப் பட்டியலில் இருந்தது. அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பினால் குற்றம். எதிரிகளின் செய்தியைத் தங்கள் உளவுத்துறை படிக்க வேண்டும் என்பது பனிப்போர்க் காலத்து நோக்கம். 1991இல் பி.ஜி.பி. என்ற மின்னஞ்சல் குறியாக்க நிரலை எழுதிய ஃபில் சிம்மர்மன் மீது, அது இணையம் வழியாக வெளிநாடு போய்விட்டது என்பதற்காக விசாரணை நடந்தது. 1996 ஜனவரியில்தான் வழக்குத் தொடராமல் அதைக் கைவிட்டார்கள்.

இதன் பலன் நமக்கு வந்து சேர்ந்தது. சென்னையில் உட்கார்ந்து நாம் இறக்கிக்கொண்ட நெட்ஸ்கேப் அந்தப் பலவீனமான பதிப்புதான். இந்த விஷயத்தில் எனக்கு இன்றும் கோபம் உண்டு. உலகத்துக்கே கடை திறந்துவிட்டு, அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் வெளியே இருந்தவர்களுக்கு மட்டும் எட்டு நாள் பூட்டைக் கொடுத்தார்கள். 1998இல் இணைய உரிமை அமைப்பான எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் 2,50,000 டாலருக்கும் குறைவான செலவில் ஒரு கணினியைக் கட்டி, டி.இ.எஸ். என்ற குறியாக்க முறையின் 56 பிட் சாவியையும் 56 மணி நேரத்தில் கண்டுபிடித்துக் காட்டியது. 2000 ஜனவரியில் ஏற்றுமதி விதிகள் பெருமளவு தளர்ந்தன.

ஆனால் அந்தப் பலவீனமான ஏற்றுமதிச் சாவிகளை ஏற்கும் பழைய நிரல் பகுதிகளை யாரும் அகற்றவில்லை. 2015இல் ஃப்ரீக் என்ற தாக்குதல் வெளிப்பட்டபோது, எண்ணற்ற சர்வர்கள் இன்னும் அவற்றுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தன.

சேட்டன் என்ற கருவியை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது தப்புதானே, சார்? திருடனுக்கு வீட்டு வரைபடம் கொடுத்த மாதிரி?

நம் சாத்தான்தான் அந்தப் பெயர். டான் ஃபார்மரும் வீட்சே வெனிமாவும் எழுதி, 1995 ஏப்ரல் 5 அன்று வெளியிட்டார்கள். ஒரு வலையில் உள்ள கணினிகளைத் தொலைவிலிருந்தே சோதித்து, எங்கெங்கே அறியப்பட்ட ஓட்டைகள் இருக்கின்றன என்று உலாவியில் பட்டியலிட்டுக் காட்டும். வெளியாகும் முன்பே பெரும் கூச்சல் எழுந்தது. ஃபார்மர் வேலை பார்த்த நிறுவனத்தை விட்டு விலக நேர்ந்தது. பெயர் உறுத்தியவர்களுக்காக, எழுத்துகளை இடம் மாற்றி சாண்டா என்று ஆக்கிக்கொள்ளும் வசதியையும் அவர்களே சேர்த்திருந்தார்கள்.

தப்பில்லை என்பது என் உறுதியான கருத்து. அது காட்டிய ஓட்டைகள் எல்லாம் ஏற்கெனவே அறிவிக்கப்பட்டவை. நுழைகிறவர்களிடம் அவரவர் கருவிகள் இருந்தன, கையில் எதுவும் இல்லாமல் இருந்தவர் நிர்வாகிதான். நான் சேட்டனை என் வலையில் ஓட்டியபோது, மூடிவிட்டேன் என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்த இரண்டு வாயில்கள் திறந்திருப்பதைக் கண்டேன். பயந்தபடி பேரழிவு எதுவும் வரவில்லை. இன்று இத்தகைய ஆய்வுக் கருவிகள் இல்லாத பாதுகாப்புக் குழுவே கிடையாது.

எதையும் திருடாமல், உள்ளேயும் நுழையாமல் ஒரு நிறுவனத்தை எப்படி முடக்க முடியும்?

1996 செப்டம்பர் 6 அன்று நியூயார்க்கின் பானிக்ஸ் என்ற இணையச் சேவை நிறுவனத்துக்கு அதுதான் நடந்தது. ஐ.பி. ஏமாற்று பற்றிய பதிலில் சொன்ன மூன்று படிகளை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். முதல் படி முடிந்ததும் சர்வர் அந்த அழைப்பைக் குறித்துவைத்து, மூன்றாவது படிக்காகக் காத்திருக்கும். அந்தக் குறிப்பேடு அன்று மிகச் சிறியது.

பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது நமக்குத் தெரியும். ஒருவர் வெளியே நின்று நாற்பது துண்டுகளை வீசிவிட்டு, ஏறாமலே போய்விட்டால்? பஸ் காலியாகவே இருக்கும், ஆனால் உட்கார இடம் இருக்காது. பொய் முகவரிகளிலிருந்து நொடிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட அழைப்புகள் பானிக்ஸுக்கு வந்தன. ஒவ்வொரு துண்டையும் சர்வர் ஒரு நிமிடத்துக்கும் மேல் காத்து வைத்திருந்தது. மின்னஞ்சலும் இணையத்தளங்களும் நாள்கணக்கில் தடுமாறின. செய்முறை நிரல் அதற்குச் சில வாரங்கள் முன்புதான் ஹேக்கர் இதழ்களில் அச்சாகியிருந்தது.

அதே மாதத்தில் டான் பெர்ன்ஸ்டைனும் எரிக் ஷெங்க்கும் அருமையான ஒரு மாற்றைக் கண்டார்கள். துண்டையே வாங்காதே. சர்வர் எதையும் குறித்துவைக்காமல், வந்தவரின் முகவரியையும் தன் இரகசியத்தையும் கலந்து கணக்கிட்ட ஓர் எண்ணைத் தொடக்க எண்ணாகத் திருப்பி அனுப்பிவிட்டு மறந்துவிடும். உண்மையான ஆளிடம் அந்த எண் போய்ச் சேரும், அவர் அதைத் திருப்பிக் கொண்டுவருவார். சர்வர் மறுபடி கணக்கிட்டுப் பார்த்து, பொருந்தினால் இடம் கொடுக்கும். பொய் முகவரிக்காரர் திரும்பி வரவே போவதில்லை. வகுப்பில் இதை விளக்கி முடிக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் நிறைந்துவிடுகிறது.

அந்த மாற்று இருந்தும் 2000இல் யாஹூ ஏன் விழுந்தது?

அது வேறு வகை. 2000 பிப்ரவரி 7 அன்று யாஹூ, அடுத்த நாள்களில் அமேசான், ஈபே, சி.என்.என். தளங்கள் தடுமாறின. தாக்கியவர் கனடாவைச் சேர்ந்த 15 வயதுச் சிறுவன். பல பல்கலைக்கழகங்களின் அதிவேகக் கணினிகளில் முன்கூட்டியே நுழைந்து நிரல்களை வைத்துவிட்டு, அத்தனையையும் ஒரே நேரத்தில் ஏவினான். துண்டு வீசுவதல்ல இது, பஸ் நிலையத்துக்கு வரும் சாலையையே லாரிகளால் அடைப்பது. சர்வர் எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும் கம்பி நிரம்பிவிட்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

பொய் முகவரிகளைக் குறைக்கும் வழி 1998 ஜனவரியிலேயே ஃபெர்குசன், சீனி இருவரும் எழுதிய ஆவணத்தில் இருந்தது. ஒவ்வொரு சேவை நிறுவனமும் தன் வலையிலிருந்து வெளியேறும் பொட்டலத்தில் தனக்குரிய முகவரி இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் தடுக்க வேண்டும். எளிய வேலை. ஆனால் செலவு வடிகட்டுகிறவருக்கு, பாதுகாப்பு எங்கோ இருக்கும் இன்னொருவருக்கு. இந்தக் காலத்தின் ஒவ்வொரு சம்பவத்தையும் கிளறிப் பார்த்தால் இதே கணக்குதான் அடியில் கிடக்கிறது. குறை தெரிந்திருக்கும், மருந்தும் பல நேரம் தெரிந்திருக்கும். அதைப் போட வேண்டியவரும் வலியை அனுபவிப்பவரும் வேறு வேறு ஆட்களாக இருப்பார்கள்.

ஐ லவ் யூ வைரஸை எழுதியவரைத் தண்டிக்கச் சட்டமே இல்லையாமே?

உண்மை. 2000 மே 4 அன்று பிலிப்பைன்ஸிலிருந்து ஐ லவ் யூ என்ற தலைப்போடு பரவிய அந்த மின்னஞ்சலின் இணைப்பு, உரைக் கோப்புபோலத் தெரிந்தது. கடைசி மூன்று எழுத்துகளை விண்டோஸ் மறைத்துவிட்டதால் அது நிரல் என்பது பலருக்குத் தெரியவில்லை. எழுதியவர் அடையாளம் காணப்பட்டும், அந்த நாட்டில் பொருந்தும் சட்டம் இல்லாததால் வழக்கு நிற்கவில்லை. அடுத்த மாதமே அங்கே சட்டம் வந்தது. இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அதே 2000 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது.

நம் நாட்டில் அப்போது தாக்குதல் எதுவும் நடக்கவில்லையா?

நடந்தது. 1998 மே மாதப் பொக்ரான் சோதனைகளுக்குப் பிறகு, மில்வோர்ம் என்ற பெயரில் இயங்கிய இளைஞர் குழு ஒன்று பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கணினிகளுக்குள் புகுந்து மின்னஞ்சல்களை எடுத்தது. பல நாட்டுப் பதின்வயதினர் சேர்ந்து செய்த வேலை அது. செர்ட் போன்ற ஓர் அமைப்பு இந்தியாவுக்கு 2004இல்தான் வந்தது.

இவ்வளவும் முன்பே தெரியும் என்கிறீர்கள். அப்படியானால் முதலிலேயே எல்லாவற்றையும் குறியாக்கம் செய்து கட்டியிருக்கலாமே?

என்னை அதிகம் யோசிக்க வைத்த கேள்வி இது. ஒரு மாணவி கேட்டார், அன்று சரியான பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன். அன்றைய கணினிகளின் வேகத்தில் ஒவ்வொரு பொட்டலத்தையும் குறியாக்கம் செய்வது பெரும் சுமை. ஆர்.எஸ்.ஏ. என்ற குறியாக்க முறைக்கு அமெரிக்காவில் 2000 செப்டம்பர் வரை காப்புரிமை இருந்தது, இலவச மென்பொருள்களால் அதைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ள முடியவில்லை. ஏற்றுமதிச் சட்டம் பற்றி மேலே சொல்லிவிட்டேன். இவை மூன்றும் உண்மையான தடைகள், இவற்றுக்காக நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் எல்லாத் தடைகளும் அப்படிப்பட்டவை அல்ல. மோரிஸ் புழுவுக்கு இடம் கொடுத்த ஃபிங்கர் சேவையின் பிழையை எடுத்துக்கொள்ளுங்கள். சி மொழியின் கெட்ஸ் என்ற செயற்கூறு, எவ்வளவு நீளம் வந்தாலும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ளும். அதைப் பாதுகாப்பாகப் பயன்படுத்த வழியே கிடையாது என்பது 1988 நவம்பரில் உலகுக்கே தெரிந்துவிட்டது. மாற்றுச் செயற்கூறும் அப்போதே அதே மொழியில் இருந்தது. அதற்கு வேகமான கணினி தேவையில்லை, காப்புரிமை இல்லை, எந்த அரசின் அனுமதியும் வேண்டாம். அந்தச் செயற்கூறைச் சி மொழியின் தரவரையறையிலிருந்து நீக்கியது 2011இல். இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து.